நாசிகா சூர்ண விசாரம்

கதம்ப வம்சத்தை ஸ்தாபித்த மயூரசர்மன் வேதம் பயிலும்பொருட்டுக் காஞ்சிக் கடிகைக்கு வந்தான் என்று தாளகுந்தாச் சாசனம் சாட்சி கூறுகிறது. பௌத்த தர்க்கத்தின் பிதாவாகிய திங்நாகரும் இப்பிரதேசத்தவரே என்பது பரம்பரைக் கொள்கை. இத்தகைய வித்யா க்ஷேத்திரத்தில், திண்ணையில் கல்லுரலை வைத்துக்கொண்டு தன் மூக்குப்பொடியைத் தானே கலந்துகொள்ளும் கிருகஸ்தனைப் பற்றி ஒரு சாஸ்திரமும் தோன்றாதொழிந்தது புலவர்களின் அலட்சியமேயன்றி, விஷயத்தின் சிறுமையன்று. அன்னத்தையும் மேகத்தையும் கிளியையும் தூதனுப்பி அலுத்த தமிழில், சீனிச்சர்க்கரைப் புலவர் ஒருவர் புகையிலையையே தூதாக்கினார், உ. வே. சாமிநாதையரும் அந்நூலைப் பதிப்பித்து உதவினார். ஆயினும் அத்தூது பழனி முருகனிடம் சென்றதேயன்றி, நமது குமரகோட்டத்து முருகனை எட்டிப்பார்க்கவில்லை.

மேனாட்டார் குழாயில் இட்டுப் புகைப்பதற்காக வர்ஜீனியா இலையோடு, நெருப்புப் புகையில் பதப்படுத்திய லட்டாக்கியா இலையைச் சேர்த்து, அதன் விகிதத்தைப் பற்றி ஆயுள் முழுவதும் வாதிடுகிறார்கள். அவர்கள் கலப்பது இலையோடு இலை. நம்மவர் கலப்பதோ இலையோடு நெய்யும் சுண்ணாம்பும். குழாய் காஞ்சியில் வேரூன்றாமைக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டுக் கோர்வையில் இணையும் புடவைக்கு மூன்று நாடாக்களும், அவற்றை வீச இரண்டு ஆட்களும் வேண்டியிருக்க, குழாயைப் பிடித்துக்கொண்டிருக்க உபரியாக ஒரு கை எங்கிருந்து வரும்? அன்றியும், பட்டுப் பாவின் அருகே ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் பல நாள் உழைப்பும் கூலியும் அதோடு போயின. எஞ்சி நிற்பது பொடி. அதுவும் நிரபாயமானதன்று, பாவின் மேல் தும்மியவன் முதலாளியிடம் சொல்லும் சமாதானங்கள் தனியொரு ஆராய்ச்சிக்குரியன.

இங்கே தர்க்க சாஸ்திரத்துக்கே ஒரு சங்கடம் நேர்கிறது. புகை கண்ட இடத்தில் நெருப்பை அனுமானிக்கலாம் என்பது தார்க்கிகர்களின் பிரசித்தமான உதாரணம். பொடியிலோ புகை லவலேசமும் இல்லை. ஆயினும் எரிச்சல் பிரத்யக்ஷம். திங்நாகர் காலத்தில் புகையிலை நம் நாட்டுக்கு வந்திராமையால் அவர் இவ்விடரிலிருந்து தப்பினார்.

இனிக் கலவை. இலையை வறுத்து, இடித்து, வஸ்திரகாயம் செய்து கொள்ளுதல் பூர்வாங்கம். மல் துணியே இதற்குப் போதும். பட்டுத் துணிதான் ஆகும் என்பார் கூற்று ஊர்ப்பற்றேயன்றிச் சாஸ்திரமன்று. இதற்குப் பின்னரே பேதம் பிறக்கிறது. வடகலை தென்கலை வழக்குகள் நீதிமன்றம் ஏறிய ஊரில் பொடிக்கு மட்டும் ஒரே சம்பிரதாயம் இருக்குமென்று எதிர்பார்ப்பது பேதைமை. நெய்யை முதலில் பிசறவேண்டும், அப்போதுதான் காரம் தணிந்து மணம் நிற்கும் என்பது ஒரு கட்சி. சுண்ணாம்பே முந்தவேண்டும், நெய் முந்தினால் சுண்ணாம்பு இலையைப் பற்றாது என்பது மறு கட்சி. ரசாயன நூல் இரண்டாம் கட்சிக்குச் சற்றே அனுகூலமானது. ஏனெனில் சுண்ணாம்பின் காரத்தன்மையே இலையிலுள்ள நிகோடினை விடுவித்து, மூக்கின் மெல்லிய சவ்வின் வழியே விரைந்து உட்செல்லச் செய்கிறது. அந்த நிகோடினுக்குப் பெயர் தந்த ழான் நிக்கோ என்னும் பிரெஞ்சுத் தூதர், 1560-ஐ ஒட்டி லிஸ்பனிலிருந்து தம் அரச சபைக்குப் புகையிலையை மருந்தென்றே அனுப்பினார். தலைவலி என்று சொல்லிப் பொடி போடுகிற நம்மவர் அவ்வகையில் ராஜவைத்தியத்தையே பின்பற்றுகிறார்கள்.

இவ்வூரில் 1909-இல் பிறந்து முதலமைச்சரான அண்ணாதுரை பொடி போடுபவர் என்பது நாடறிந்தது. அவருடைய அடுக்குமொழிக்கும் பொடிக்கும் காரண காரிய சம்பந்தம் உண்டென்பாரும் உளர். பொடி போடும் மற்றையோர்க்கு அடுக்குத் தும்மலே வருவதால், அந்த ஹேது வியபிசாரமுடையது.

வாழை மட்டையில் கட்டிய டி. ஏ. எஸ். ரத்தினம் பட்டணம் பொடி கடையில் கிடைக்கையில், வீட்டில் உரலைத் தேய்ப்பானேன் என்பது பூர்வபக்ஷம். கலப்பவன் நாடுவது பொடியையன்று, தன் விகிதத்தையே என்பது சித்தாந்தம். கோயில் இட்லிக்கு மிளகு போதாது என்றும், அண்டை வீட்டுப் புடவைக்குக் கரை அகலம் மிகை என்றும் அபிப்பிராயம் வைத்திருப்பவன், தன் மூக்கின் விஷயத்தில் மட்டும் அந்நியன் ஒருவன் இட்ட அளவுக்குக் கட்டுப்படுவானா? இலையை ஆராய மத்திய சர்க்கார் 1948-இல் வேடசந்தூரில் ஒரு நிலையம் கண்டது; மூக்கை ஆராய நிலையம் ஏதும் இல்லாமையால், ஒவ்வொருவனும் தன் திண்ணையையே நிலையமாக்கிக்கொண்டான்.

நடுநிலையில் நின்று சொல்லுமிடத்து, வீட்டுக் கலவை கடைப்பொடிக்கு ஈடாவதில்லை. அப்படியும் கலந்தே தீருவேன் என்னும் அன்பர்கள், நெய்யை அடுக்களையில் கேட்டு வாங்கிக்கொள்வார்களாக. மாவு சலிக்கும் துணியை வஸ்திரகாயத்துக்கு எடுக்காதிருப்பார்களாக.