அநாதை உற்பத்தி: ஒரு பாராட்டுரை

காப்பி, எள், தோல், ரோஜாப்பூ என்று ஏற்றுமதி செய்து காலம் தள்ளிய எத்தியோப்பியாவுக்குப் புதிதாக ஒரு சரக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்த புண்ணியவான்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 2005-இல் நடிகை ஆஞ்சலினா ஜோலி அங்கிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். பத்திரிகை அட்டையெல்லாம் அவர்கள் படமாக இருந்தது. 2010-இல் அமெரிக்காவுக்கு மட்டும் 2,500 பிள்ளைகளுக்கு மேல் விமானம் ஏறினார்கள். சீனாவுக்கு அடுத்த இடம்!

தொழிலில் ஒரே ஒரு சிக்கல்தான். வாடிக்கையாளர் கேட்டது கைக்குழந்தை. நோய்நொடி இருக்கக் கூடாது. பெண்ணாக இருந்தால் உத்தமம். நாட்டில் உண்மையிலேயே நாதியற்று நின்றவர்களோ வளர்ந்த பையன்கள், நோயாளிகள், இடுப்பில் தம்பியைச் சுமந்த அக்காக்கள். அவர்களை யார் கேட்டார்கள்? ஆகவே அநாதைகளைத் தேடுவதை விட்டுவிட்டுத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

மூலப்பொருளுக்குப் புள்ளிவிவரம் கைகொடுத்தது. “ஐம்பது லட்சம் அநாதைகள்” என்றார்கள். பெற்றோரில் ஒருவர் போய்விட்டாலே அநாதை என்பது யூனிசெஃப் கணக்கு. அப்பா செத்திருந்தால் போதும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜெரா ஊட்டிக்கொண்டிருந்தாலும் பிள்ளை அநாதைதான்.

அடுத்து, தரகர்கள் தெற்கே வோலைட்டா பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்தார்கள். “பிள்ளை படிக்கத்தான் போகிறது. கடிதம் வரும், பணம் வரும், ஆளானதும் உன்னிடமே திரும்பி வரும்” என்று சொன்னார்கள். அந்த நாட்டில் ‘குடிஃபச்சா’ என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளை வேறு வீட்டில் வளரும், பெற்றவர்களோடும் உறவு அறாது. தாய்மார்கள் அப்படித்தான் ஏதோ என்று நினைத்துக் கைநாட்டு வைத்தார்கள். சில தாள்களில் அந்தக் கைநாட்டுக்கும் வேலை இருக்கவில்லை. கண்ணெதிரே உயிரோடு நிற்கிற தாயை ஒரு வரியில் கொன்று போட்டால் கோப்பு நேராகிவிடும். பிள்ளைக்கு வயது அதிகமா? அதையும் இரண்டு மூன்று குறைத்துக்கொள்ளலாம். மையின் மகிமை!

விலையும் நியாயமானதுதான். ஒரு பிள்ளைக்கு இருபத்தைந்தாயிரம் டாலரும் அதற்கு மேலும். அந்நாளில் ஓர் எத்தியோப்பியரின் ஆண்டுச் சராசரி வருமானம் 400 டாலரைத் தொடவில்லை. அந்தத் தொகையில் ஒரு துளியைப் பெற்றவளிடமே கொடுத்திருந்தால் பிள்ளையை அவளே வளர்த்திருப்பாளே என்று கேட்காதீர்கள். தொழில் நசிந்து போகும்.

வாங்க வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அடிஸ் அபாபாவின் விருந்தினர் விடுதியில் காப்பிச் சடங்கில் உட்கார்ந்தார்கள். பிள்ளை ‘தன் பண்பாட்டை’ மறக்கக் கூடாதென்று கரைபோட்ட வெள்ளைப் பருத்தி உடை ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். ஜெபம் செய்தார்கள், அழுதார்கள். அவர்களுடைய நல்ல மனசுதான் இந்தத் தொழிலின் மூலதனம். நல்லவர்கள் ரசீதைக் கேட்பார்கள், “இவள் அம்மா எங்கே?” என்று கேட்க மாட்டார்கள்.

அரசுக்கும் ஒரு கும்பிடு. தத்துக்கு அனுமதி தந்த எத்தியோப்பிய அமைச்சகம் நாளொன்றுக்கு ஐம்பது கோப்புகள்வரை பார்த்ததாம். எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு பிள்ளையின் தலையெழுத்துக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. 2011 மார்ச்சில் “இனி ஐந்துதான்” என்றதும் குழந்தைகளின் கதி என்னாவது என்று முகவர்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம், வாஷிங்டன் மாநிலத்தில், தத்துப்போன எத்தியோப்பியச் சிறுமி ஒருத்தி ‘புதிய குடும்பத்தின்’ கொல்லைப்புறத்தில் பசியாலும் குளிராலும் செத்துக் கிடந்தாள். வளர்த்தவர்கள் 2013-இல் சிறைக்குப் போனார்கள். 2018 ஜனவரியில்தான் எத்தியோப்பிய நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்தது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு கிடங்குக்குப் பூட்டு.

இதில் யாருக்கும் தண்டனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் அமெரிக்க நீதித் துறை ஒரு தத்து முகமையைச் சேர்ந்த நால்வர்மீது வழக்குப் போட்டது. போலி ஆவணம், லஞ்சம் எல்லாம் அதில் உண்டு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அமெரிக்காவை ஏமாற்றச் சதி செய்தார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வோலைட்டாவில் இருக்க, மோசம் போனது வாஷிங்டன்! அவள்தான் தாளில் என்றைக்கோ செத்துவிட்டாளே, செத்தவள் எப்படிப் புகார் கொடுப்பாள்?