பதினாலு நாளும் நாப்பத்தெட்டு மணி நேரமும்

டாண்டினாங், மெல்போர்ன்.

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் அத்தைகூடப் பேசிக்கிட்டிருந்தப்ப பின்னாடி இருந்து நீங்க கேட்டது நல்லாவே கேட்டுச்சு: "பதினாலு நாளைக்கு 48 மணி நேரந்தான் வேலையாம்ல. நம்ம கடை மாஸ்டர் அதை நாலே நாள்ல பாத்துருவாரு. மிச்ச பத்து நாளும் இவன் என்ன பண்றான்?" போன்ல சொன்னா நீங்க பாதியில கல்லாவுக்கு எந்திரிச்சுப் போயிருவீங்க. அதான் எழுதுறேன்.

ஆஸ்திரேலியாவுல மாணவர் விசாவுல வந்தவன், காலேஜ் நடக்குற காலத்துல பதினாலு நாளைக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கக் கூடாது. லீவு விட்டுட்டா எவ்வளவு வேணாலும் பாக்கலாம். முன்னாடி இது 40. கொரோனா நேரத்துல ஆள் பத்தலைன்னு 2022 ஜனவரியில வரம்பையே தூக்கிட்டாங்க. 2023 ஜூலையில திரும்பக் கொண்டாந்து 48ன்னு வச்சாங்க. நான் அதுக்கப்புறம் வந்து எறங்குனேன், என் ராசி அப்படி.

கேக்க லேசாத்தான் இருக்கும். வில்லங்கம் அந்தப் பதினாலு நாள்ல இருக்கு. அது ஒரு திங்கக்கிழமை ஆரம்பிக்குதாம். எந்தத் திங்கக்கிழமை? எல்லாத் திங்கக்கிழமையும்! ஒண்ணு முடியிறதுக்குள்ள வாராவாரம் புதுசா ஒரு பதினாலு நாள் பிறந்துக்கிட்டே இருக்கு. ஆக ஒவ்வொரு வாரமும் முந்துன வாரத்துக்கும் பதில் சொல்லணும், பிந்துன வாரத்துக்கும் பதில் சொல்லணும்; ரெண்டு பக்கமும் சம்பந்தம் பண்ண வீட்டுக்காரன் கதிதான்.

பேப்பர் எடுங்க. மொத வாரம் 14 மணி நேரம், ரெண்டாவது வாரம் 30. கூட்டுனா 44, குத்தமில்ல. மூணாவது வாரம் 22, நாலாவது 10. கூட்டுனா 32, அதுவும் குத்தமில்ல. ஆனா ரெண்டையும் மூணையும் கூட்டுங்க: 52! விசாவையே ரத்து பண்ணலாம்.

இதுல எனக்கு வாய்ச்சது ராத்திரி வேலை. சூப்பர் மார்க்கெட்ல சனம் போன பிறகு அலமாரியில சாமான் அடுக்குறது, 'நைட் ஃபில்'ம்பாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி 10 மணிக்கு உள்ள போனா 2 மணிக்கு வெளிய வரணும். நடுவுல 12 அடிச்சா திங்கக்கிழமை பிறந்துருது. அதுக்கு முன்னாடி அடுக்குன பால் பழைய வாரம், அப்புறம் அடுக்குன தயிர் புது வாரம். அலமாரி ஒண்ணுதான். நடுராத்திரியில நோட்டை எடுத்து நான் குறிச்சுக்கிறதைப் பாத்த சூப்பர்வைசர், ஏதோ சரக்குக் கணக்கு எடுக்குறேன்னு நெனச்சுத் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. நான் ஏன் மறுக்கப் போறேன்?

வீட்டுல நாலு பேர் இருக்கோம், நாலு பேர் கணக்கும் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. "நாளைக்கு ஆள் இல்ல, வர்றியா?"ன்னு போன் வந்தா கதவைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவோம். பசிச்சு ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவன்கூட, நின்னு கூட்டிப் பாத்துட்டு எதுக்கு வந்தோம்னு மறந்து திரும்பிர்றான்.

மிச்ச நேரத்துல படிக்கிறேன் மாமா. வந்ததே அதுக்குத்தாங்கிறது அப்பப்ப மறந்துருது. ஆனா இந்த ஊர் அமைதியில எனக்குப் படிப்பு ஏற மாட்டேங்குது. உங்க கல்லாவுல உக்காந்து, "ரெண்டு கொத்து புரோட்டா, ஒரு ஆம்லெட்"டுக்கு நடுவுல காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சு பாஸானவன் நான். இங்க லைப்ரரியில கொஞ்சம் சத்தமா மூச்சு விட்டா திரும்பிப் பாக்குறாங்க. நான் புத்தகத்து மேலயே தூங்கிர்றேன். டீ குடிச்சு முழிச்சுக்கலாம்னா, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் முக்கால்வாசி கஃபே பூட்டிக் கெடக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கும் மதுரை மாட்டுத்தாவணியில சுடச்சுட எல்லாம் கிடைச்ச ஆளுக்கு இது பெரிய தண்டனை. அதனால ஒரு உதவி: கடையில கூட்டம் முட்டுற நேரமாப் பாத்து அரை மணி நேரம் சத்தத்தைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்க. அத்தை திட்டுறதும் அதுல விழுந்தாகணும்.

சம்பளத்துல குறையில்ல. 2025 ஜூலையிலேர்ந்து குறைஞ்சபட்சக் கூலியே மணிக்கு 24 டாலர் 95 சென்ட். கேஷுவல் ஆளுக்குச் சம்பளத்தோட லீவு கிடையாதுன்னு அதுக்கு மேல 25 சதவீதம். போதாததுக்கு முதலாளி 12 சதவீதம் ஓய்வூதிய நிதிக்கும் கட்டணும். (நான் ஒரேயடியா ஊருக்குக் கெளம்புறப்ப அதுல 35 சதவீதத்தை வரியாப் பிடிச்சுக்குவாங்க. அந்த வயித்தெரிச்சல் தனி.) காலேஜ் முடிஞ்சு ராத்திரி வரைக்கும் உங்க கல்லாவுல உக்காந்ததுக்கும் இதே கணக்குல போட்டுப் பாத்தேன். தொகையை எழுதல, அத்தைக்கு ஆகாது. அம்மாகிட்ட மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.

உங்க பெரியவனையும் இங்க அனுப்பலாமான்னு அத்தை கேட்டாங்க. இதுல விளையாட்டு இல்ல மாமா, கவனமாப் படிங்க. வாரம் 24 மணி நேரம், குறைஞ்சபட்சக் கூலின்னு வச்சா, வரிக்கு முன்னாடி 599 டாலர். வருசம் பூரா விடாம உழைச்சா 31,000 டாலர் சொச்சம். விசா கேக்குறப்பவே ஒரு வருசச் செலவுக்கு 29,710 டாலர் காட்டணும்னு 2024 மே மாசத்துலேர்ந்து சட்டம். அப்ப வேலைக் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிரும், ஃபீஸ் முழுசா நிக்கும். விசா விண்ணப்பத்துக்கே 2,000 டாலர். கிடைக்கலைன்னாலும் திரும்பத் தர மாட்டாங்க.

ஃபீஸ் கட்ட முடியாதவன் என்ன பண்றான்? கணக்குல வராம கையில காசு தர்ற இடத்துக்குப் போறான். அவன் 48ஐத் தாண்டிட்டான், வெளிய சொல்ல மாட்டான்னு தெரிஞ்சே பாதிக் கூலி குடுப்பாங்க. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குறது 2024 ஜூலையிலேர்ந்து குற்றம்னு ஆக்கியிருக்காங்க. ஆனா புகார் குடுக்க அவனுக்கு வாய் வராது.

அதனால, "அங்க போய்ச் சம்பாதிச்சே ஃபீஸைக் கட்டிருவான்"னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீங்க. ரெண்டு வருச ஃபீஸுக்கு வழி இருந்தா அனுப்புங்க. இல்லைன்னா ஊர்லயே நல்ல காலேஜாப் பாத்துச் சேத்து விடுங்க. ஒத்தக்கடையில இருக்குற இடத்தை மட்டும் இதுக்காக வித்துறாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்