மட்டக்குதிரைக்கு ராஜ உபசாரம்

கேள்வி: இங்கிலாந்தில் பிள்ளைகள் மட்டக்குதிரையோடு போய்க் கூடாரம் போட்டுத் தங்கிப் போட்டியிடுகிறார்களாமே! பணக்காரப் பொழுதுபோக்குதானே?

பதில்: பாதி உண்மை. விலை உயர்ந்த குதிரை வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் போட்டியிட வேண்டும் என்று எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப் யோசனை சொல்லி, 1957-இல் பிள்ளைகளின் குதிரையேற்றச் சங்கமான போனி கிளப்பில் ஒரு கோப்பைப் போட்டி தொடங்கியது. கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவது, சாக்குக்குள் நின்று தத்தித் தத்திக் குதிரையையும் இழுத்து வருவது என்று அமர்க்களப்படும். லாடமில்லாமல் தோள் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது போனி, அதாவது மட்டக்குதிரை, கிடையாது. அதன் பிடிவாதத்துக்குத்தான் உச்சவரம்பே இல்லை. கூடாரத்தில் விடிந்ததும் பிள்ளை லத்தி அள்ளும், வாளியில் தண்ணீர் சுமக்கும், பிடரி மயிரை அழகாகப் பின்னிவிடும். தன் தலையைச் சீவியிருக்காது! அப்பா குதிரையை ஏற்றிவந்த டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துச் சேற்றில் சிக்கவைப்பார். அதற்குக் கோப்பை கிடையாது.