டேப்பை எடு பேராண்டி

லண்டன்ல சொந்த வீடு, பின்னாடி தோட்டம்னு உங்கப்பன் டீக்கடை டீக்கடையா சொல்லிட்டுத் திரியுறான். கேக்க நல்லாத்தான் இருக்கு. கொட்டாய் போடணும், வேலியை உசத்தணும், கார் நிறுத்த முன்வாசல்ல சிமெண்ட் போடணும்னு நீயும் போன்ல அடுக்குன. "நம்ம இடம்தானே தாத்தா, எவன்ட்ட கேக்கணும்?"னு சொன்ன பாரு, அதுலதான் நம்ம ரத்தம் தெரியுது. வருசத்துக்கு ஒரு விரக்கடை வரப்பைத் தள்ளுன வம்சம்லா நாம.

ஆனா அந்த ஊர்க்காரன் விவரமானவன். 1947லயே ஒரு சட்டத்தைப் போட்டு, இடம் உன்னுது, அதுல என்ன கட்டலாம்ங்கிறது எங்க முடிவுன்னு ரெண்டாப் பிரிச்சுட்டான். சின்னச் சின்ன வேலைக்குக் கேக்காமலே செய்யுற விலக்கு உண்டு. உங்க அத்தை மக அதையெல்லாம் படிச்சு எனக்கு விளக்குனா. எல்லாமே சென்டிமீட்டர்க் கணக்குடா.

வேலி 2 மீட்டர் வரைக்கும் உன் இஷ்டம். வண்டி போற ரோட்டை ஒட்டி இருந்தா 1 மீட்டர்தான். ரோட்டுல போறவன் உன் வீட்டைப் பாத்துப் பொறாமைப்படட்டும்னு விட்டிருக்கான் போல. சரி, செடியை நட்டு உசரமா வளத்துக்கிடுதேன்னுதானே யோசிக்க? செடிக்கு அனுமதி வேண்டாம், வாஸ்தவந்தான். ஆனா வருசம் பூரா பச்சையா நிக்கிற வேலிச்செடி 2 மீட்டரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போகாம அடைச்சா, அவன் உள்ளூர்க் கவுன்சிலுக்கு எழுதிப் போடலாம். 2003ல அதுக்குன்னே சட்டம் வந்தாச்சு. செடிச் சண்டைக்குச் சட்டம் போட்ட சீமை அது!

கொட்டாய்க்கு வருவோம். மேல மாடி எடுக்காம ஒத்தைத் தளமாத்தான் இருக்கணும். எல்லைக்கு 2 மீட்டருக்குள்ள வந்தா உசரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு முன்னால போடவே கூடாது. வீட்டைச் சுத்தி இருக்குற எடத்துல பாதிக்கு மேல அடைக்கவும் கூடாது. மம்பட்டி வை, சைக்கிள் வை, உக்காந்து கம்ப்யூட்டர் வேலை கூடப் பாரு. ஆனா ஆள் குடியிருக்கணும்னா அனுமதி வாங்கியாகணும். "தாத்தா, நீ வந்தா உனக்குத் தோட்டத்துல தனி ரூம்"னு நீ ஆசை காட்டுனதோட சூட்சுமம் எனக்கு இப்பத்தான் விளங்குது. 2013ல ஸ்லவ் கவுன்சில்காரன் வானத்துல பிளேன் விட்டு, சூடு காட்டுற கேமராவை வச்சு எந்தக் கொட்டாய்க்குள்ள ஆள் இருக்குன்னு பாத்தானாம். நான் குளிருக்குப் பீடி பத்த வச்சா மேலருந்து தெரிஞ்சிரும். எனக்கு வீட்டுக்குள்ளயே பாய் போடு.

மரத்திண்ணை 30 சென்டிமீட்டருக்கு மேல போனா அனுமதி வேணும். ஒரு அடிகூட இல்லாத திண்ணையில காலைத் தொங்கப் போட்டு எப்படிடா உக்காருறது?

முன்வாசல் சிமெண்டு மட்டும் நியாயமான விசயம். 5 சதுர மீட்டருக்கு மேல தளம் போட்டா, மழைத் தண்ணி அதுலயே இறங்கணும், இல்ல உன் புல்தரைக்கோ பாத்திக்கோ வடியணும். ரோட்டுக்கு ஓட விட்டா அனுமதி கேக்கணும். 2007ல வெள்ளத்துல பட்டபிறகு 2008 அக்டோபர்ல கொண்டாந்தது. ஜல்லியைக் கொட்டிட்டுப் போ, செலவும் கம்மி.

மரத்துல மட்டும் கை வச்சிராத. பாதுகாப்பு உத்தரவு உள்ள மரம்னா, கவுன்சில் எழுத்துல சம்மதிக்காம கிளையக்கூட வெட்டப்படாது. உத்தரவு இல்லாட்டாலும், பழமையைக் காக்குற பகுதின்னு குறிச்ச தெருவா இருந்தா 6 வாரத்துக்கு முன்னாடியே சொல்லணும். அரம்பத்தை வாங்குறதுக்கு முன்னாடி கவுன்சிலுக்குப் போனைப் போடு.

"யாருக்கும் தெரியாமக் கட்டிட்டா?"ன்னு நீ கேப்பன்னு தெரியும். உனக்கு முன்னாடியே ஒரு சம்சாரி கேட்டுட்டான். சர்ரே பக்கம் சால்ஃபோர்ட்ஸ்ல, வைக்கோல் கட்டை அடுக்கி அதுக்குள்ள ஒரு கோட்டையே கட்டிக் குடும்பத்தோட குடியிருந்தான். நாலு வருசம் எவனும் கேக்கலைன்னா வீடு தப்பிச்சிரும்னு அப்ப சட்டம். 2006ல வைக்கோலை எடுத்துட்டு "இந்தா பாரு"ன்னான். கவுன்சில்காரன் மயங்கலையே! வைக்கோலை எடுக்குறதும் கட்டுமான வேலையில சேத்தி, அதனால உன் நாலு வருசம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னுட்டான். கோர்ட்டும் அதுக்குத் தலையாட்டிருச்சு. 2016ல கோட்டையை இடிச்சாங்க. அவன் மூளைக்கு நம்மூர்ல மணியக்காரர் வேலை பாத்திருக்கலாம். இப்ப அந்த நாலையும் பத்து வருசமா ஆக்கிட்டான். 2024 ஏப்ரல் 25லருந்து முடிஞ்ச வேலைக்கெல்லாம் பத்துதான். ஒளிச்சு வச்சவனுக்கு அதுவும் கிடையாது.

அடுக்குமாடி ஃபிளாட்டுக்கும் பழம்பெருமைன்னு பட்டியல்ல ஏத்துன வீட்டுக்கும் கணக்கு வேற. புதுக் காலனின்னா விலக்கையே பிடுங்கியிருந்தாலும் இருப்பான், பத்திரத்தோட அனுமதிக் காயிதத்தையும் படிச்சுக்கோ. சந்தேகம்னா, இது சட்டப்படி சரின்னு கவுன்சில்லயே ஒரு சர்டிபிகேட் வாங்கி வை. வீட்டை விக்கும்போது உதவும்.

பிளேனெல்லாம் எப்பவாவதுதான்டா பறக்கும். மனு எழுதிப் போடுறவன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான். கடப்பாரையை எடுக்குறதுக்கு முன்னாடி அவன் கதவைத் தட்டி, என்ன கட்டப் போறேன்னு சொல்லிட்டு வா. போகும்போது உங்க ஆச்சி அனுப்புன முறுக்குல நாலு கொண்டு போ.