கட்டியங்காரன் சொல்றான், கேட்டுக்கோ

இன்னா கண்ணு, காலையிலேர்ந்து லேப்டாப்பத் தொறந்து வெச்சிக்கிட்டு ஒரே வரிய மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்கே? படி, கேப்போம். "ஈடிபஸ் வீழ்ந்தது விதியாலா, குணத்தாலா?" 10 மார்க்கா? நீ என்ன எழுதுவேன்னு எனக்குத் தெரியும். விதிக்கு ஒரு பக்கம், குணத்துக்கு ஒரு பக்கம், கடைசில ரெண்டும் சேந்துதான்னு ஒரு கும்புடு. 10க்கு 6 வரும். அந்த ஆறுக்கா உங்கப்பன் இவ்ளோ பீஸ் கட்டறான்?

வா, பால்கனில உக்காரு. உங்க தாத்தன் படிச்சது மூணாங்கிளாசு. ஆனா செய்யாறு பக்கம் தெருக்கூத்துல இருவது வருசம் கட்டியங்காரன் வேசம் கட்டினவன். ராசா வராருன்னு கூவறவனும் நாந்தான், வந்து நின்ன ராசாவ நக்கல் பண்றவனும் நாந்தான். துரியோதனன், கீசகன், கர்ணன் எல்லாரையும் ரெண்டடி தூரத்துல நின்னு பாத்திருக்கேன். உங்க அரிஸ்டாட்டிலு அவ்ளோ கிட்டத்துல நின்னாரான்னு நீயே கேட்டுச் சொல்லு.

மொதல்ல அந்த கிரேக்கத்துக்காரன் கதைய எடுத்துக்கோ. சோபாக்ளீசு எழுதி 2400 வருசம் இருக்குமா? பையன் கோயிலுக்குப் போறான். உங்கப்பனக் கொல்லுவே, உங்கம்மாவையே கட்டுவேன்னு குறி சொல்லி அனுப்பறாங்க. சரி. அப்பிடிக் கேட்டுட்டு வந்தவன் இன்னா பண்ணணும்? நரைச்ச தலையா ஒண்ணக் கண்டாலே பத்தடி தள்ளி நின்னு கையெடுத்துக் கும்புடணும். இவன் இன்னா பண்ணான்? மூணு ரோடு கூடற எடத்துல எதுக்க ஒரு வண்டி வருது. நீ ஒதுங்கு, நான் ஒதுங்க மாட்டேன். வண்டிக்காரன் தள்ளினான், இவன் அடிச்சான், உள்ள இருந்த பெரியவர் தார்க்குச்சியால மண்டையில ஒண்ணு போட்டாரு. அவ்ளோதான், மொத்தப் பேரையும் சாய்ச்சிட்டான், தப்பிச்சி ஓடினவன் ஒருத்தன். செத்த பெரியவரு யாரு? பெத்த அப்பன்.

இதுக்கு எதுக்கும்மா கிரேக்கம் வரைக்கும் போற? நம்ம புனே ஹடப்சர் காடிதளத்துல சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நில்லு. சோலாப்பூர் ரோட்டுல நீ ஒதுங்கு, நான் ஒதுங்க மாட்டேன்னு ஹெல்மெட்டக் கழட்டிக்கிட்டு எறங்கற ஈடிபஸ்ஸுங்க எத்தினி பேருன்னு எண்ணிக்கிட்டு வா. அவுங்க நல்ல நேரம், எதுக்க வர்றவன் அப்பனா இருக்கறதில்ல.

ஒரு ஆளோட குணத்தத் தெரிஞ்சிக்க கூத்துக்காரன் வழி ஒண்ணு இருக்கு. ஆள மாத்தி நிறுத்திப் பாரு. அந்த மூணு ரோட்டுல நம்ம தர்மர நிறுத்து. வண்டியப் பாத்ததும் எறங்கி, வரப்புல நின்னு, பெரியவரே போங்கன்னு சொல்லியிருப்பாரு. கதை அங்கியே முடிஞ்சிது. ஈடிபஸ்ஸக் கொண்டாந்து சகுனி எதிர்ல சூதாட்டப் பலகை முன்னால ஒக்கார வை. மொத ஆட்டத்துல தோத்ததுமே பலகைய ஒதச்சிட்டுப் போயிருப்பான். நாடும் போயிருக்காது, திரௌபதி கூந்தலும் அவுந்திருக்காது. விதி எல்லாருக்கும் வல வீசுது கண்ணு. எந்த வலையில எந்த மீனு மாட்டும்ங்கறது மீனோட கொழுப்பப் பொறுத்தது.

அப்ப விதிக்கு வேலையே இல்லியான்னு கேக்கற. இருக்கு. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடக்கும், கேள்விப்பட்டிருப்பே. கடைசி நாள் விடிஞ்சா படுகளம். கோயில் மைதானத்துல துரியோதனன மண்ணால பெருசா செஞ்சி மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. அவ்ளோ பெரிய ஒடம்பு, மொறச்ச கண்ணு, மீச. அந்தப் பக்கம் துரியோதனன் வேசக்காரன் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கிட்டு, என்னை வெல்ல எவனிருக்கான்னு குதிச்சிக்கிட்டு இருப்பான். அவன் செத்து விழுந்த ஒடம்பு மண்ணுல தயாரா கெடக்குது, அவனே அத்தச் சுத்திச் சுத்தி ஓடறான். சனமெல்லாம் ரெண்டையும் ஒண்ணாப் பாக்குது. அந்த மண்ணு பொம்ம இருக்கே, அதான் விதி. எல்லாருக்கும் தெரிஞ்ச முடிவு. வேசக்காரன் ஒருத்தனுக்கு மட்டும் தெரியாது.

முடிவு தெரிஞ்சும் எதுக்கு விடிய விடிய துண்ட விரிச்சி உக்காந்திருக்கோம்? எந்த எடத்துல இவன் திரும்பியிருக்கலாம்னு பாக்கத்தான். வருசா வருசம் பாக்கறோம். வருசா வருசம் பாவி திரும்ப மாட்டேங்கறான்.

இப்ப கர்ணனுக்கு வா. கூத்து வாத்தியாரு புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பேரச் சொன்னாலே எங்க ஊருக்காரன் துண்ட எடுத்து இடுப்புல கட்டுவான். அந்தப் பக்கத்துக் கூத்துல கர்ண மோட்சம் வெச்சா கெழவிங்க முந்தானைய நனச்சிக்கிட்டே பாப்பாங்க. பாவம், விதி, பொறந்த அன்னிக்கே ஆத்துல விட்டுட்டாளேன்னு. நானும் அழுதிருக்கேன், வேசத்தோடவே. ஆனா கட்டியங்காரன் கண்ணு வேற மாதிரி பாக்கும். கவச குண்டலத்தக் கேட்டு இந்திரன் பிராமண வேசத்துல வரப்போறான், குடுக்காதேன்னு சூரியன் மொதல்லியே வந்து சொல்லிட்டுப் போறான். பெத்த அப்பனே சொல்றான்! இவனுக்குத் தெரியும். தெரிஞ்சே அறுத்துக் குடுக்கறான். அப்பால குந்தி வந்து வரம் கேக்கறா. அர்ச்சுனனத் தவிர மத்த நாலு பேரக் கொல்லாதே, நாகாஸ்திரத்த ரெண்டாந்தரம் விடாதேன்னு. அதையும் குடுத்துடறான். எதுக்கு? தேரோட்டி மகன்னு ஒரு சபையே கேலி பண்ணின காயம் உள்ள இருக்கு. குடுக்கும்போதுதான் அவன் ராசா. கேக்கறவன் கை கீழ, இவன் கை மேல. அந்த ஒரு நிமிச ஒசரத்துக்காக உசுர வித்துட்டான். விதி கேட்டுச்சு, வாஸ்தவம். நீட்டினது இவன் கை.

மோதல்னா கத்திச் சண்டைன்னு எழுதிடாதே. கர்ண மோட்சத்துல எனக்குப் பெரிய சண்ட குருட்சேத்திரத்துல இல்ல, பொன்னுருவி வாசப்படியில. பொறப்பச் சொல்லி அவன மட்டமா நெனச்ச பொண்டாட்டி, அவன் யாருன்னு தெரிஞ்சப்புறம் யுத்தத்துக்குப் போவாதேன்னு வழிய மறிக்கறா. இத்தினி நாளு எட்டி நின்னவ இன்னிக்கு விட மாட்டேங்கறா. இத்தினி நாளு ஏங்கினவன் இன்னிக்கு நிக்க மாட்டேங்கறான். ரெண்டு பேரு பக்கமும் நாயம் இருக்கு பாரு. நாயம் ஒரு பக்கமே இருந்தா அது பஞ்சாயத்து. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் கூத்து. அந்த எடத்துல கட்டியங்காரனுக்கே நக்கல் வராது. ஓரமா போயி பீடி பத்த வெச்சிக்குவேன்.

சரி, நம்ம ஊருக் கதைய விடு, நீ இருக்கற ஊருக்கு வா. புனேல ஒரு விசேசம் கவனிச்சியா? நாடகம்னு போனா பாதிப் பேரு டாக்டரு. நானா பட்னவிஸ் வேசம் கட்டின மோகன் ஆகாசே மனநல டாக்டரு. 'காசிராம் கோத்வால்' நாடகத்த 1972ல மேடை ஏத்தின ஜப்பார் படேலு கொழந்தைங்க டாக்டரு. ஸ்ரீராம் லாகூ காது மூக்கு தொண்டை. மூணு பேரும் இதே ஊரு பி.ஜே. மெடிக்கல் காலேஜுல படிச்சவங்க. நம்ம ஊருல டாக்டருக்குப் படிச்சா கல்யாண மார்க்கெட்டுக்குப் போவான், இங்க மேடைக்குப் போறான்.

அந்த காசிராமு, விஜய் டெண்டுல்கர் எழுதினது. கனோஜ்லேர்ந்து பொழைக்க வந்த வெளியூருக்காரன். திருட்டுப் பட்டம் கட்டி அவமானப்படுத்தறாங்க. பழி வாங்கறேன்னு கெளம்பி, பெத்த பொண்ணையே மந்திரி நானா பட்னவிஸுக்குக் குடுத்து கோத்வால் பதவிய வாங்கறான். ஊரையே ஆட்டி வெச்சி, கடைசில அதே ஊரு அவனக் கல்லால அடிக்குது. அவமானம் வந்தது விதின்னே வெச்சிக்கோ. பொண்ணக் குடுத்தது? அது பேரம். நாமளும் வெளியூருக்காரங்கதான், அதனால அந்தக் கதைய நான் கொஞ்சம் கவனமாவே கேட்டேன்.

நான் சொல்ல வந்தது லாகூ டாக்டரப் பத்தி. 1970ல குசுமாக்ரஜ், அதாவது நம்ம சிர்வாட்கர், 'நடசம்ராட்'னு ஒண்ணு எழுதினாரு. லாகூதான் மொதல்ல அந்த அப்பாசாகேப் பெல்வல்கர். 2016ல நானா படேகர் நடிச்ச படத்த நீதான என்னை உக்காத்தி வெச்சிக் காட்டினே. ஓஞ்சு போன பெரிய நடிகன், சொத்தெல்லாம் புள்ளைங்களுக்குப் பிரிச்சிக் குடுத்துட்டு, பொண்டாட்டி காவேரியோட மகன் வீட்டுக்குப் போறாரு. அங்க ஒத்து வரல. மக வீட்டுக்குப் போறாரு. அங்க திருடன்னு பேரு. காவேரி போயிடறா. கடைசில நடைபாத, பக்கத்துல பூட்ஸ் பாலீசு போடற பையன் ஒருத்தன். உங்கம்மா அழுதா. உங்கப்பன் எந்திரிச்சிப் போயி ஏசிய கூட்டினான். நீ இது லியர் ராசா கதைதான தாத்தான்னே. ஆமா, லியர் ராசா வாடையோடதான் அவரு எழுதினாரு.

இந்த ரெண்டு கெழவனுங்கள விதி அடிச்சிதுன்னு எழுதினா ஒனக்கு ஆறு மார்க்குகூடக் கெடையாது. மொத காட்சிய மறுபடி பாரு. லியரு நாட்டப் பிரிக்கறதுக்கு முன்னால இன்னா கேட்டாரு? யாரு என்மேல எவ்ளோ ஆச வெச்சிருக்கீங்க, வாயத் தொறந்து சொல்லுங்கன்னு. கைதட்டல் கேக்கறாரு! ரெண்டு பொண்ணுங்க தட்டினாங்க. சின்னவ தட்டல, அவளுக்குப் பங்கு இல்ல. பெல்வல்கரு பொழப்பே கைதட்டல்தான். மேடைய விட்டு எறங்கினா யாரு தட்டுவா? கடைசியா ஒரு பெரிய காட்சி: தியாகி அப்பன், எல்லாத்தையும் வாரிக் குடுக்கற அப்பன். வீட்டையே மேடையாக்கி நடிச்சிட்டாரு. திர எறங்கினப்புறம் அரங்கத்துக்கு வாடகை கட்டணுமேன்னு யோசிக்கல. கர்ணனோட பசியேதான் இதுவும். ஒருத்தன் வழி குடுக்காமக் கெட்டான், மத்தவனுங்க எல்லாத்தையும் குடுத்துக் கெட்டானுங்க.

லியர் கதையிலயும் ஒரு கட்டியங்காரன் இருக்கான், தெரியுமில்ல? கோமாளி. எல்லாத்தையும் குடுத்துட்டியே, முட்டாப் பட்டம் ஒனக்குத்தான்யான்னு ராசா மூஞ்சிக்கு நேரா சொல்றவன் அவன் ஒருத்தன். பாதி நாடகத்துல காணாமப் போயிடறான். எழுதினவரு எதுக்கு அவன அனுப்பினாருன்னு படிச்சவங்க சண்ட போட்டுக்கறாங்களாம். எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டான், கேக்கல, போயிட்டான். எங்க தொழில்ல இது சகஜம்.

லியரு ஒரு நட ஹடப்சருக்கு வந்திருக்கணும். அதோ மகர்பட்டா தெரியுது பாரு, அந்தக் கட்டடமெல்லாம் முன்ன கரும்புக் கொல்ல. நூத்துச் சொச்சம் வெவசாயக் குடும்பங்க, 400 ஏக்கருக்கு மேல நெலம். பில்டருக்கு வித்துட்டு, காச புள்ளைங்களுக்குப் பிரிச்சிட்டு, அப்பால மக வீட்டுத் திண்ணையில உக்காந்து அழுதிருக்கலாம். அவுங்க நெலத்த ஒண்ணாச் சேத்து, கம்பெனியாக்கி, ஏக்கருக்கு ஏத்த பங்க கையில வெச்சிக்கிட்டாங்க. 2000த்துல கட்ட ஆரம்பிச்சாங்க. பட்டணம் நெலத்த முழுங்க வந்தது விதி. முழுங்கற பட்டணத்துலயே பங்கு வாங்கினது குணம். இத யாரும் நாடகமா எழுத மாட்டான். எவனும் அழுவலியே!

ஆங், எழுது எழுது. இன்னொண்ணும் சேத்துக்கோ. பால்கி ஊர்வலம் வந்தப்ப நம்ம ரெண்டு பேரும் ரோட்டுல நின்னோமே, ஞாபகம் இருக்கா? ஞானேஸ்வரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் புனேலேர்ந்து வந்து, இதே ஹடப்சர்லதான பிரியுது. ஒண்ணு திவே காட் மலப்பாதை ஏறி சாஸ்வடுக்குப் போவுது. இன்னொண்ணு சோலாப்பூர் ரோட்டோட லோணிக்குப் போவுது. ரெண்டும் போய்ச் சேர்ற எடம் பண்டரிபுரந்தான். நீ எழுதும்போது பண்டரிபுரத்தப் பத்தி ரெண்டு வரி போதும். எந்தக் காலு எந்த ரோட்டுல திரும்பிச்சு, ஏன் திரும்பிச்சுன்னு மீதிப் பக்கத்துக்கு எழுது.

போதும், உங்கம்மா டீ போட்டாச்சின்னு கூப்புடறா. அவ நல்ல பொண்ணு, இஞ்சி தட்டிப் போடுவா. உங்கப்பனும் நல்லவன்தான். போன வாரம் மெதுவா வந்து பக்கத்துல உக்காந்து, ஊருல நெலம் சும்மாதான கெடக்குது, இந்த பிளாட்டு லோன அடச்சிடலாமேப்பான்னான். மொகத்துல அம்மாம் பாசம். யோசிக்கிறேன்டான்னேன். இப்பக்கூட கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் செல்போனக் காதுல வெச்சிக்கிட்டு, பேசாம நிக்கறான் பாரு. நிக்கட்டும். பால்கனில உக்காந்து நான் இவ்ளோ சத்தமாப் பேசறது ஒனக்கு மட்டுந்தான்னு நெனச்சியா?

நெலம் ஒண்ணேகால் ஏக்கரு. பத்திரம் ஊருல டிரங்குப் பொட்டியில இருக்கு. சாவி என் அரணாக்கயித்துல.