ஐயா, வினாத்தாளைத் திருப்பிப் போடுங்கள்

அனுப்புநர்: தாமிரபரணித் தண்ணீர் குடித்து, அங்கணத்தில் கைகழுவி வளர்ந்த ஒரு தகப்பன்.

பெறுநர்: அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தமிழ் வினா எழுதும் பெருமக்கள்.

பொருள்: ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்னும் வினாவை ஒருவழிப் பாதையிலிருந்து விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திருக்குறள், எண்கள் 720 மற்றும் 1098.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் தேர்வுக்காக என் மகன் ராப்பகலாகப் படிக்கிறான். பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்தபடி, காதில் விழுவதையெல்லாம் திருத்தவும் பழகிவிட்டான். ‘மேலுக்குச் சொகமில்லப்பா’ என்று நான் பாயை விரித்தால், ‘உடல்நலமில்லை என்பதே சரி’ என்கிறான். திருத்தம் உடனே கிடைத்தது. சுக்குக் காப்பிதான் கடைசிவரை வரவில்லை.

தங்கள் வினாவின் துப்புரவுப் பணி மெச்சத்தக்கது. ‘அங்கணத்துல ஏனத்தப் போடு’ என்றால், ‘கழுவுமிடத்தில் பாத்திரத்தை வை’ என்று எழுதவேண்டும். முழு மதிப்பெண். ‘பைய போ’ என்றால் ‘மெதுவாகச் செல்’. அதற்கும் முழு மதிப்பெண். இந்த முறையில் தேறாத ஒருவரைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது குடிமகன் என்ற முறையில் என் கடமை. பெயர் திருவள்ளுவர். குறள் 720-இல் கொஞ்சமும் கூசாமல் ‘அங்கணம்’ என்று எழுதியிருக்கிறார். குறள் 1098-இல் தலைவி ‘பைய’ச் சிரிக்கிறாள். பயிற்சி மையத்துக்குப் போயிருந்தால் ‘மெதுவாக’ என்று போட்டிருப்பார். தளை தட்டியிருக்கும், மதிப்பெண் தட்டியிருக்காது.

அதே 720-ஆம் குறளில் ‘கோட்டி’ என்றும் ஒரு சொல் வருகிறது. அறிஞர் கூடும் அவை என்று பொருள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். வினாத்தாள் குழு கூடும் நாளில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்பதைத் தங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

தொல்காப்பியரும் தங்கள் பாடத்திட்டத்துக்குள் அடங்கமாட்டார். செய்யுளுக்குரிய சொற்கள் நான்கு என்று எச்சவியலில் எண்ணியவர், அவற்றில் ஒன்றாகத் திசைச்சொல்லையும் உட்கார வைத்தார். பன்னிரண்டு நிலத்துச் சொல்லுக்கும் அதில் இடம் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில் வழக்கு, இது யாழ்ப்பாண வழக்கு என்று குறிப்புப் போட்டுச் சேர்த்துக்கொண்டதே தவிர, யாரையும் வாசலில் நிறுத்தித் திருத்தவில்லை.

போகட்டும், இலக்கணத்தை விடுவோம். நிர்வாகத்துக்கு வருவோம்.

என் மகன் தேறி, கிராம நிர்வாக அலுவலராகச் சத்தியமங்கலம் பக்கம் போகிறான் என்று வையுங்கள். ஒரு பாட்டி வந்து, ‘சாமி, கெணத்துக்கு அக்கட்டால இருக்கற எங்க காட்டப் பங்காளி உழுதுட்டானுங்க’ என்கிறார். தாங்கள் பழக்கியபடி அவன் அதை எழுத்து வழக்காக மாற்றுவான்: ‘கிணற்றுக்கு அப்பால் உள்ள வனத்தை உறவினர் உழுதுவிட்டார்.’ கோப்பு நேரே வனத்துறைக்குப் போகும். கொங்கு நாட்டில் காடு என்றால் கம்பும் சோளமும் விதைக்கிற மேட்டு நிலம் என்பதை வனச்சரகர் வந்து சொல்லித் தெரிந்துகொள்வதற்குள், பங்காளி அறுவடையை முடித்துவிடுவார்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். கொங்கிலிருந்து ஒருவர் தேறி, கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் போகிறார். புயல் ஓய்ந்த மறுநாள் முகாமில் சனங்கள் ‘குடிக்க வெள்ளம் வேணும்’ என்கிறார்கள். அங்கே தண்ணீருக்கு அதுதான் பெயர். அவரோ, ‘பொதுமக்கள் மேலும் வெள்ளம் கோருகின்றனர்’ என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவார். அறிக்கையில் சந்திப்பிழைகூட இருக்காது.

ஆகவே, வினாவைத் திருப்பிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘எழுத்து வழக்கைப் பேச்சு வழக்காக மாற்றுக’ என்று ஒரு தாள் வேண்டும். தங்கள் வேலையைக் குறைக்க மாதிரி வினாக்களையும் எழுதியிருக்கிறேன்.

1. ‘உறவினர் வந்துள்ளனர், மாலையில் வழியனுப்புவோம்’ – ஈரோட்டு வழக்கில் எழுதுக.
விடை: ‘ஒறம்பர வந்திருக்குதுங்க, பொழுதோட தாட்டியுட்ரலாமுங்க.’ விடுபடும் ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் அரை மதிப்பெண் குறைக்கப்படும்.

2. ‘மெதுவாகச் செல்’ – பாளையங்கோட்டை வழக்கில் கூறுக.
விடை: ‘பைய போல.’ இதை வயதில் மூத்த தேர்வுக் கண்காணிப்பாளரிடம் சொல்லிக் காட்டுவோருக்கு மதிப்பெண் கிடையாது. வேறு ஏதாவது கிடைக்கலாம்.

3. ‘அங்குமிங்கும் அலையாதே’ (மதுரை), ‘பேசாமல் உட்கார்’ (சென்னை) – மாற்றுக.
விடை: ‘அங்கிட்டும் இங்கிட்டும் திரியாத’, ‘கம்முனு குந்து.’

4. பொருத்துக: திருநெல்வேலி, கோவை, மதுரை, சென்னை – தொடப்பம், சீமாறு, வாரியல், வெளக்கமாறு. (குறிப்பு: தலைகீழாக ஓங்கும்போது நான்கு ஊரிலும் பொருள் ஒன்றே.)

விடைக்குறிப்பு தயாரிக்க ஆளில்லை என்று தாங்கள் சொல்லமுடியாது. அது எப்போதோ தயாராகிவிட்டது. கரிசலுக்கு கி. ராஜநாராயணன் 1982-லேயே அகராதி போட்டுவிட்டார். கொங்குக்குப் பெருமாள்முருகன், நாஞ்சில் நாட்டுக்கு அ.கா. பெருமாள், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் என்று ஆளுக்கொரு திசையைக் கட்டியாண்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பாடமாக இருக்கிறது. கி.ரா. எழுதினால் பாடம், அவர் ஊர்க்காரர் பேசினால் பிழை என்கிற நுட்பம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது ஒருவேளை தங்கள் அடுத்த வினாவில் வரலாம்.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மனுவையே அதில்தான் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் தங்கள் மேசைக்கு வந்து சேருமா? சனங்களின் பேச்சைத் திருத்தத் தெரிந்த அதிகாரிகள் போதுமான அளவு கிடைத்துவிட்டார்கள். இனிமேல் அது விளங்குகிறவர்களாகப் பார்த்து ஒரு தொகுதி எடுத்துத் தந்தால் போதும்.

விடைகளில் ஐயம் எழுந்தால் வல்லுநர் குழு எதுவும் அமைக்கவேண்டாம். அந்தந்த ஊர்ச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடம் விடைத்தாளைப் படித்துக் காட்டினால் போதும். மறுமதிப்பீடு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கட்டணம்: அரைக்கீரை, ஒரு கட்டு. பேரம் பேசலாம், ஆனால் எழுத்து வழக்கில் பேசினால் விலை கூடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலுக்குச் சொகமில்லாத மனுதாரர்.