நாய்க்கும் எனக்கும் ஒரே டிக்கெட்

பெர்ன், ஆவணி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஏன் போனை எடுக்கவில்லை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மலைமேல் இருக்கும் ஒரு ஏரிக்கு, இரண்டு நாய்களோடு போயிருந்தேன். இதை அம்மாவிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு.

நாய்கள் கீழ்வீட்டு அம்மாவுடையவை. அவர் கணவருக்கு முழங்கால் வலி, கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பெரியது பெர்னர் சென்னன்ஹுண்ட். கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, புருவத்துக்கு மேல் ரெண்டு செம்பழுப்புப் பொட்டு. அந்தக் காலத்தில் பாலை வண்டியில் ஏற்றி இழுத்துப்போன சாதி. இப்போது அதை நாம் இழுக்க வேண்டியிருக்கிறது. சின்னது முறுக்கு டப்பா உயரம். வீட்டில் அதிகாரமெல்லாம் அதனுடையதுதான்.

இந்த ஊர் ரயிலில், தோள்வரை அளந்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் நாய்க்கு அரை டிக்கெட். நான் வருஷச் சலுகை அட்டை வைத்திருப்பதால் எனக்கும் பாதிக் கட்டணம். ஆகவே நாய்க்கும் எனக்கும் ஒரே விலை. டிக்கெட் பரிசோதகர் நாயின் சீட்டைப் பார்த்து நன்றி சொன்னார். என் சீட்டைப் பார்த்துவிட்டு அட்டையையும் காட்டச் சொன்னார். சின்ன நாய் பைக்குள் உட்கார்ந்தால் இலவசம். நம் ஊர் வளவனூரில் ஏறி சின்னபாபுசமுத்திரத்தில் இறங்குவதற்குள் பரிசோதகர் வந்துவிடுவாரோ என்று நடுங்கும் மாமாவின் நண்பர்களுக்கு இந்தப் பை யோசனை உதவலாம்.

இங்கே நாய் வளர்ப்பவர்கள் வருஷா வருஷம் ஊராட்சிக்கு நாய் வரி கட்டுகிறார்கள். நாயின் தோலுக்கடியில் சிப், நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. நான் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்; நாய்க்கு ஆயுசுக்கும் ஒரே சிப். வழியெல்லாம் பச்சைப் பெட்டி, அதில் இலவசப் பை. நாய் போனதும் அள்ளிப் போட வேண்டும். எஞ்சினியரிங் படிக்கவைத்த அம்மாவுக்கு, யார் அள்ளியது என்பதெல்லாம் தெரிய வேண்டாம்.

கண்டர்ஸ்டெக் என்ற ஊரில் இறங்கி, கம்பியில் தொங்கும் பெட்டியில் மேலே போனோம். ஏரியின் பெயர் ஓஷினன். 1,578 மீட்டர், ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். பின்னால் 3,661 மீட்டருக்குப் புளூம்லிசால்ப் மலை, ஆவணியிலும் தலையில் பனி. மாமா உடனே கலங்கல் எந்தப் பக்கம் என்று கேட்பார். நானும் தேடினேன், கண்ணுக்குத் தெரிகிற வடிகாலே கிடையாது. எந்தக் காலத்திலோ மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்து, தானே கரை போட்டுக்கொண்டது. தண்ணீர் அந்தப் பாறைக் குவியலுக்கு அடியில் கசிந்து போகிறது. குடிமராமத்து இல்லை, டெண்டர் இல்லை, கரையில் ஆக்கிரமிப்பும் இல்லை. மாமாவுக்கு இந்த ஏரியில் பேச ஒரு விஷயமும் அகப்படாது.

பெரிய நாய் ஒரே தாவில் தண்ணீரில் விழுந்து நீந்தியது. நான் கணுக்கால்வரை இறங்கினேன். பனி உருகிய தண்ணீர் அக்கா, எனக்குக் காது வலித்தது.

திரும்பும் வழியில் மாடுகள். இன்னும் சில வாரத்தில் குளிர் வந்ததும், பூ கட்டி, பெரிய மணி மாட்டி இவற்றை ஊர்வலமாகக் கீழே இறக்குவார்களாம். நம் ஊரில் மாடு நடுரோட்டில் நிற்கும், நாய் அதன் நிழலில் படுத்திருக்கும். இங்கே கன்று போட்ட மாட்டுக்கு நாயைக் கண்டாலே ஆகாது. கீழ்வீட்டு அம்மா நிதானமாகச் சொன்னார்: “மாடு துரத்தினால் கயிற்றை விட்டுடுங்க. நாய் ஓடித் தப்பிச்சுக்கும்.”

“நான்?”

“மாடு நாய் பின்னாடிதான் போகும்.”

இந்த ஊரில் பாதுகாப்பு ஏற்பாடு என்றால் இவ்வளவு தெளிவாக இருக்கும். ஆனால் சின்ன நாய் ஓடவில்லை. என் கால்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு மாட்டைப் பார்த்துக் குரைத்தது.

பிழைத்துக் கீழே வந்து ஓர் உணவகத்தில் உருளைக்கிழங்கு ரோஸ்டி சொன்னேன். சமையலறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “தம்பி எவ்விடம்?” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்தவர். அப்போது வந்தவர்களில் பலருக்கு முதல் வேலை இப்படிப்பட்ட அடுப்படியில்தான். வளவனூர் என்றேன், தெரியவில்லை. பாண்டிச்சேரிக்குப் பக்கம் என்றதும் தலையாட்டினார். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கொஞ்சம் தேங்காய்ச் சம்பல் எடுத்து ரோஸ்டிமேல் வைத்தார். மலையேறியதில் உருப்படியான பலன் அதுதான். பெர்னில் பல மதங்களுக்கும் பொதுவாகக் கட்டிய கட்டடத்தில் நம் கோயில் ஒன்றும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வாரும் என்றார். கேட்டவுடன் பெரிய நாயும் வாலாட்டியது.

இதோடு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறேன். கம்பிப் பெட்டிக்குள் என் தோளில் தலை சாய்த்திருப்பது அந்த நாய்தான். வெளிச்சம் சரியில்லை, கறுப்பு முடி மட்டும்தான் தெரிகிறது. அம்மா அதைக் கல்யாணத் தரகரிடம் காட்டுவதற்குள் நீ வாங்கி வைத்துவிடு.

உன் அன்புத் தம்பி